முப்பத்திரண்டு

ஜூலையில், ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள்.
ட்ரொம்சோ பல்கலைக்கழகம்: பல் மருத்துவம், இடம் உறுதி.
ராணுவம்: ஆகஸ்ட் நான்கு, காலை ஆறு மணி,
எல்வெரும் ரயில் நிலையம்.
காலுறை நான்கு ஜோடி. கால் நகங்களை வெட்டிக்கொண்டு வரவும்.

இரண்டையும் நண்டு வடிவக் காந்தங்களால்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார் அப்பா.
"பல் டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
வார்டோவில் அந்த மாதம் இருட்டே கிடையாது.
விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று
எதையும் தள்ளிப்போட வழியில்லாத ஊர்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது:
ஏன் இந்தச் சிறப்புப் பிரிவு? மூன்று வரிகளுக்குள்.
ஓஸ்னே தாளின் பின்பக்கமும் எழுதினாள்,
பனிச்சறுக்குப் பதக்கங்கள், கொடி,
பன்னிரண்டு வயதிலிருந்து காணும் கனவு.
நான் எழுதியது:
தெரியவில்லை. வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.
இருவரையும் கூப்பிட்டார்கள்.

யாராவது கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன்.
ஒருவரும் கத்தவில்லை.
அதுதான் பயம்.
சாம்பல் தொப்பிக்காரி ஒருத்தி
குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள்,
நூலகத்தில் தாமதக் கட்டணம் கணக்கிடுபவள் மாதிரி.
மூட்டையை நிறுத்தார்கள். முப்பத்திரண்டு கிலோ.
எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை.
நட.

மூன்றாம் இரவு.
சதுப்பு; முட்டிவரை கறுப்புத் தண்ணீர்.
பல்லைக் கடித்துக்கொள் என்று
யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.
கடிக்க எங்கே முடிந்தது? தந்தியடித்தன.
அப்போதுதான் எண்ணத் தொடங்கினேன்:
மேல் வலது ஞானப்பல்,
கடைவாய், அடுத்த கடைவாய், கோரை, வெட்டு
நாக்கால் தொட்டுத் தொட்டு
அடிக்கொரு பல்.
முப்பத்திரண்டு முடிந்ததும் மறுபடி ஞானப்பல்.
ஒரு புத்தகம்கூட வாங்காத படிப்பு
என் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டது.

விலக ஒரே வழி:
லாரியின் பின்கதவைத் தட்டி எண்ணைச் சொல்வது.
உள்ளே மஞ்சள் விளக்கு,
வாஃபிள் சுடும் மணம், பழுப்புப் பாலாடைக்கட்டி.

தட்டியவள் ஓஸ்னே.
கொப்புளமில்லை, சுளுக்கில்லை,
என்னைவிட வேகமாக நடந்தவள்.
"போதும்" என்றாள், அழாமல்,
மிச்சச் சில்லறை வேண்டாம் என்பவளைப் போல.
அந்தக் கனவைப் பன்னிரண்டு வயதிலேயே
முழுதாகக் கண்டு முடித்துவிட்டாளோ என்னவோ.
கதவு மூடுமுன்
தன் உலர்ந்த கையுறைகளை என்மீது வீசினாள்.
போட்டுக்கொண்டேன்.
நன்றி சொல்லவில்லை. வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் ஒரு நாற்காலி, ஒரு மேசை.
சாம்பல் தொப்பிக்காரி என் படிவத்தைத் திருப்பி வைத்தாள்.
"வந்து பார்த்தாயிற்று. சொல்."

கால் தாங்கும் என்று சொல்லலாம்.
குளிர் தாங்கும், தூக்கமின்மை தாங்கும்.
ஆனால் இந்த நடையெல்லாம் போய்ச் சேர்வது
ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் இரவில்,
ஒரு கதவுக்கு.
இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் ஒருவர் தூங்குகிறார்,
லேசாக வாய் திறந்தபடி.
அந்த வாயிலும் முப்பத்திரண்டு.

இதைச் சொன்னேன்.
முட்டாள்தனமாக ஒலித்தது.
அவள் பேனாவை மூடினாள், திறந்தாள்,
ஒரே ஒரு சொல் எழுதினாள். தலைகீழாகப் படிக்க வரவில்லை.
"திங்கட்கிழமை வா" என்றாள்.

ட்ரொம்சோவில் ஓராண்டு காத்திருப்பார்களாம்.
எந்தக் கடிதத்தைக் கிழிக்க என்று
அப்பா தொலைபேசியில் கேட்கிறார்.
பின்னால் குளிர்பெட்டியின் உறுமல் கேட்கிறது.
இரண்டும் இருக்கட்டும் என்கிறேன்.

ஓஸ்னேயின் கையுறையைத் தபாலில் சேர்க்க வேண்டும்.
வலதுதான் இருக்கிறது.
இடது எந்தச் சதுப்பிலோ.