நான்கு, இரண்டு, ஏழு

பகாவ். டயர் கடைக்கு மேல்மாடி.
விடிகாலை மூன்றுக்குப் பதிப்பை ஏற்றினேன்.
திருத்தம் ஒன்றுதான்:
பட்டனை இருமுறை தட்டினாலும்
இனி ஒருமுறைதான் போகும்.
ஹெல்சிங்கியில் ஒருத்தி
எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
கட்டைவிரல் ஒன்று அனுப்பினாள். படுத்தேன்.

ஏழரைக்கு ஹாரன்.
செம்பனை லோரிகள் ஆலை வாசலில் தொடங்கி
பெட்ரோல் நிலையம் தாண்டி
என் ஜன்னலுக்குக் கீழே வரை.
எடைமேடையில் ரசீது வரவில்லையாம்.
குமாஸ்தா தனபாக்கியம் தட்டுகிறாள், தட்டுகிறாள்.
முதல் தட்டு எடைக்கு, இரண்டாவது ரசீதுக்கு,
ஆறு வருஷமாக அவள் விரலுக்கு அதுதான் கணக்கு.
அந்தப் பக்கத்தை எழுதியவன்,
புதுப்பதிப்பு வந்தால் தானாக இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு,
என் பிழைமேல் சுவர் எழுப்பிவிட்டு,
சிங்கப்பூருக்குப் போய்விட்டான்.

கைலியோடு உட்கார்ந்தேன்.
பிழையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்,
'பழைய வழக்கம்' என்று பெயர் சூட்டி.
வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம்.
நான்கு, இரண்டு, எட்டு.

முதல் லோரி நகர்ந்தது.
ஒரு குலை உருண்டு நடுரோட்டில் கிடக்க
மோட்டார்கள் அதைச் சுற்றிப் போயின.

ஹெல்சிங்கிக்கு என்ன எழுத?
குறிப்பில் மட்டும் எழுதினேன்:
'அடுத்த பதிப்பில் நீக்கப்படும்.'
போன இரண்டு பதிப்பிலும், வேறெதற்கோ,
இதே வரி.