ஓரளவு

மறைமாவட்டம் அனுப்பிய படிவத்தில்
முப்பத்தொரு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்:
ஆம். இல்லை. ஓரளவு.
கடைசியில் 'குறிப்பு' என்று
அரை அங்குலம் இடம்.

ரயில்வே கணக்குப் பிரிவில்
இருபத்தொன்பது வருடம் சிவப்பு மையோடு உட்கார்ந்தவள்
என்பதால்
ஆறு பங்குகளை என் தலையில் கட்டினார்கள்,
சீர்திருத்தம் எவ்வளவு நடந்தது பார் என்று.
இது ஐந்தாவது. காசிமேட்டுக்குப் பின்னால்
ஐஸ் உடைக்கும் சத்தம்
திருப்பலிக்குள் வந்து உட்காரும் கோயில்.

பீடம் மக்களை நோக்கி உள்ளதா?
ஆம்.
என் அம்மா சாமியாரின் முதுகைப் பார்த்தாள்.
நான்
அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்க்கிறேன்.

வழிபாடு மக்கள் மொழியில் நடக்கிறதா?
ஆம். லத்தீன் போய்விட்டது.
ஆனால் அறிவிப்புப் பலகையில்
'இதர வகை: நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்'
என்று இருக்கிறதே,
அது எந்த மொழி?

பங்குப்பேரவை முறையாகக் கூடுகிறதா?
கோயில்பிள்ளை கஸ்பார்
குறிப்பேட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.
எட்டுக் கூட்டத்துக்கும் ஒரே பேனா,
ஒரே சாய்வு, ஒரே மூச்சு.
இரண்டு வருடமாகக் குவைத்தில் இருக்கும் தொபியாஸ்
ஒரு கூட்டமும் தவறவில்லை.
கஸ்பார் என் முகத்தைப் பார்க்காமல்
மெழுகுவர்த்திச் சொட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கரண்ட் போனது.
விசிறிகள் ஒவ்வொன்றாக மனசில்லாமல் நின்றன.
சுற்றும்போது வெறும் காற்று;
நின்றால் எழுத்து.
இறக்கைக்கு இறக்கை 'உபயம்', 'உபயம்'.
பேரவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு
மேலே ஒன்று, கீழே ஒன்று,
பழைய வேலைப் பழக்கம், சரிபார்த்தேன்.
பதினோரு விசிறி. பதினோரு உறுப்பினர்.
ஒரு பெயர்கூடத் தப்பவில்லை.
பன்னிரண்டாவதில் பெயர் இல்லை.
"அது ஓடாதும்மா" என்றார் கஸ்பார்.

பெரிய வியாழனன்று
பெண்களின் பாதமும் கழுவப்படுகிறதா?

பூசைக் கருத்துக்குப் பணம் கட்ட வந்த
எமரென்சியா
கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.
மீன் வாசனை மட்டும் கூட வந்திருந்தது.
என் கேள்வி அவள் காதில் விழுந்துவிட்டது.

"என் பேரு லிஸ்ட்ல இருந்துச்சு மேடம்.
மூணு நாளு கால கல்லுல தேச்சேன்.
வெடிப்புல செதிலு பூந்துக்கினா லேசுல போவாது.
அப்பால வாசல்ல நிக்கவெச்சுச் சொன்னாங்கோ,
ஃபாதருக்கு முட்டி வலி,
இந்த வருசம் ஒம்பது பேருதான்னு."

ஒன்பதில் பெண்கள் யாராவது?

"ரெண்டு டீச்சருங்க.
கழுவ வேண்டியதே இல்லாத காலு."

இரண்டு பெண்கள்.
படிவப்படி, ஆம்.
பேனா தானாகவே அந்தக் கட்டத்துக்குப் போனது.
போட்டும்விட்டேன்.

"இன்னா எழுதிக்கினே?" என்றாள்.
சொன்னேன்.
கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
சிரித்தாள்,
கஸ்பாரும் சுரண்டுவதை நிறுத்தும்படி.
"கரெக்ட்டுதான். ஆம்தான் அது.
வூட்டுக்குப் போயி
நானே கழுவிக்கினேன், அதையும் ஒரு ஓரமா எழுது."

அரை அங்குலத்தில் எழுதினேன்,
எறும்பு அளவுக்கு.
இடம் தீர்ந்து, எமரென்சியாவின் பெயர்
விளிம்பில் ஏறி மறுபக்கம் இறங்கியது.
பேராயர் இல்லத்தில் இதைக் கணினியில் ஏற்றுவார்கள்;
கட்டங்கள் ஏறும்.
விளிம்பு ஏறுமா, தெரியாது.

கரண்ட் வந்தது.
பெயர்கள் மறுபடி காற்றாயின.

திருவொற்றியூர் பஸ்ஸை விட்டுவிட்டு
நிறுத்தத்தில் நின்றபடி கூட்டிப் பார்த்தேன்:
ஆம் பத்தொன்பது, இல்லை நான்கு,
ஓரளவு எட்டு.
ஐந்து பங்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு,
யாரோ சொல்லிவைத்ததுபோல்.

ஆறாவது என் சொந்தப் பங்கு.
அந்தக் குறிப்பேட்டில்
என் கையெழுத்தும் இருக்கிறது.
எத்தனை கூட்டத்துக்கு,
யாருடைய பேனாவில்
என்று நினைவில்லை.