திருப்பிக் கொடுத்த நிறம்

லீமிங்டனில் இரவு கறுப்பாக இருப்பதில்லை.
ஏரியிலிருந்து மூடுபனி ஏறும் நாட்களில்
வானம், பீட்ரூட் நறுக்கிய பலகை.
அதனடியில், கண்ணாடிக்குள்,
நாற்பது ஏக்கர் தக்காளி
உறங்காமல் தின்றுகொண்டிருக்கும்.

நான் இரவு வேலைக்காரன்.
பதினேழாம் வரிசையிலிருந்து முப்பத்தொன்று வரை.
கொடியை இறக்கு, கிளிப் மாட்டு, பக்கத்துளிரைக் கிள்ளு.
ஊதா விளக்கின் கீழ் இலை கறுப்பு,
என் கை கறுப்பு, எவரிஸ்தோவின் கை கறுப்பு,
பழம் மட்டும் ஊதிவிட்ட தணல் மாதிரி.

செடி பட்டுப்போயிற்றோ என்று முதல் வாரம் பயந்தேன்.
மேற்பார்வையாளன் ஒரு வெள்ளை டார்ச்சை அடித்தான்.
அந்த வட்டத்துக்குள் மட்டும் பச்சை திரும்பிவந்தது.
‘இலை சிவப்பைத் தின்னும், நீலத்தைத் தின்னும்.
பச்சையைப் பாதி வேண்டாமென்று திருப்பிவிடும்.
இங்கே பச்சை பரிமாறுவதில்லை,
திருப்புவதற்கும் ஒன்றுமில்லை.’

அதன்பிறகு எந்த மரத்தைப் பார்த்தாலும்
பந்தியில் இலை ஓரமாய் ஒதுக்கியதைத்தானா
இத்தனை காலம்
அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்
என்றிருக்கும்.

வண்டுப் பெட்டிகளை மாலையிலேயே அடைத்துவிடுவோம்.
இந்த வெளிச்சத்தில் அவற்றுக்கு வீடு தெரியாது,
கண்ணாடியில் மோதி வரிசைகளுக்கிடையில் கிடக்கும்.
அசல் வெயில் வந்த பிறகுதான் கதவு திறப்போம்.
செடியை ஏமாற்றலாம்,
வண்டை முடியாது.

ஒளி என்றால் வெளிச்சம்.
ஒளி என்றால் மறைந்துகொள்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை எதற்கு வைத்தார்களோ.
விசா முடிந்த பின் இரண்டு குளிர்காலம்
நான் இரண்டாவது பொருளில்தான் இருந்தேன்.
பகலில் திரைச்சீலை, இரவில் தக்காளி.
அப்போது யாராவது கேட்டிருந்தால்
வெயில் என்பது
ஓவர்டைம் இல்லாத நேரம் என்றிருப்பேன்.

மாசி பிறந்த வாரம் நிரோஜா பெற்றாள்.
தொலைபேசியில் படம் பார்த்தவர்களெல்லாம்
பொன்னிறம், பொன்னிறம் என்றார்கள்.
ஐந்தாம் நாள் டாக்டர்
குழந்தையின் நெற்றியில் விரலை அழுத்தி எடுத்து
மஞ்சள் என்றார்.

விண்ட்சர் ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
என் மகள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு
நீல விளக்கின் கீழ் அம்மணமாய்க் கிடந்தாள்.
பிறந்த பிள்ளையைப் பச்சை மண் என்போம்.
மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று
மூன்றாம் வகுப்பில் சொல்லித்தந்தார்கள்.
அந்தச் சின்னக் கால்விரல்களைப் பார்த்தபடி
அதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்,
மந்திரம் தெரியாதவன்
வாய்ப்பாடு சொல்வதைப் போல.

ஊசி இல்லையா என்று கேட்டேன்.
இல்லை என்றாள் அகநெத்தா என்ற தாதி.
மருந்து?
இதுதான், என்று விளக்கைக் காட்டினாள்.
வெளிச்சம் தோலுக்குள் போய்
மஞ்சளின் முடிச்சை வேறு பக்கம் திருப்புமாம்.
திரும்பியது தண்ணீரில் கரையுமாம்.
‘கரைந்தது எங்கே வரும்?’
‘டயப்பரில்.’

இரண்டு இரவு, ஒவ்வொரு டயப்பராய்த் தராசில் வைத்து
அட்டையில் எழுதினேன்.
எடையே இல்லாதது என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்து, அதிகாலை மூன்றேகாலுக்கு
ஒளியின் எடை நாற்பத்திரண்டு கிராம்.

நிரோஜா தூங்கினாள், விழித்தாள்,
பால் கட்டிய மார்போடு கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து
‘அங்கே தக்காளிக்கு மேலே எரிவதும் இதுதானா?’ என்றாள்.
கிட்டத்தட்ட, என்றேன்.
‘அப்படியென்றால் உன் சம்பளத்தை
இனிக் குறைத்துப் பேசமாட்டேன்.’
சிரித்தால் தையல் வலிக்கும்.
சிரித்தாள்.

மூன்றாம் காலை எண் இறங்கியது.
கட்டை அவிழ்த்தார்கள்.
சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் முழுக்கப் பனி,
ஒரு நிறத்தையும் வைத்துக்கொள்ளாமல்
வந்ததையெல்லாம் அப்படியே திருப்பி எறிந்துகொண்டு.
தூக்கிக் காட்டினேன்.

எதை எடுத்துக்கொண்டாள்,
எதை வேண்டாமென்றாள், தெரியாது.
முகத்தைச் சுருக்கினாள்.
இரண்டு தும்மல்.
பிறகு என் சட்டையில் வெதுவெதுவென்று ஈரம்.

தராசு தேவைப்படவில்லை.