மெருகு

கீழ ரத வீதி, பாத்திரக் கடைக்கு மேல் மாடி.
நாற்பது விநாடி மூடியைத் திறக்கக் கூடாது.
என் வேலை அவ்வளவுதான்:
நகையை வைத்து மூடுவது, காத்திருப்பது,
திரையில் வருவதை உள்ளபடி சொல்வது.

மூலைக்கரைப்பட்டி பஸ்ஸில் வந்திருந்தார்.
மஞ்சள் பைக்குள் துண்டு, துண்டுக்குள் டப்பா.
மருமகள் நகை. கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள்.
"களவாண்டுட்டு வந்தேன்னு நெனைச்சிராத,
அவகிட்டக் கேட்டுத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார்,
நான் எதுவும் கேட்காமலே.
ரசீதுக்குப் பெயர்? ஆவுடைச்சி.
எழுதி முடிப்பதற்குள், "பேரெல்லாம் எதுக்கு?"

பதினொரு உருப்படி.
பற்றவைத்த இடம் தள்ளித் திருப்பி வைத்தேன்.
தொண்ணூற்றொன்று புள்ளி ஏழு.
தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு.
அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.
ஜிமிக்கி மட்டும் தொண்ணூற்றிரண்டு.
"கூடவா இருக்கு?"
குறைந்திருந்தால் என்ன பேசுவதென்று
பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருப்பார்.
கூடினால் என்ன பேச?

சும்மா இருந்த கை கழுத்துக்குப் போனது.
ரெட்டை வடம். கொக்கி இறுகிக் கிடந்தது,
நான்தான் கழற்றினேன்.
"இதையும் வையி. எங்க அப்பா
வயல ஒத்திக்கு வச்சுப் போட்டது."

நாற்பது விநாடி.
கீழே யாரோ குத்துவிளக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள்.
என் கம்மலை இதுவரை நான் இதில் வைத்ததில்லை.

எழுபத்தொன்று புள்ளி நான்கு.
இடம் மாற்றி வைத்தேன். எழுபத்தொன்று.
மிச்சம் செம்பு, வெள்ளி, கொஞ்சம் கேடியம்.
உள்ளபடி சொன்னேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.
ஃபேன் காற்றில் துண்டு விழுந்தது, எடுக்கவில்லை.
"ஆசாரி ஏமாத்திருப்பான்."
கொஞ்சம் கழித்து, "இல்ல, அப்பாவுக்கே..."
அதோடு விட்டுவிட்டார்.
பிறகு மெஷினிடம் பேசுவதுபோல:
"கல்யாணமான புதுசுல எங்க மாமியா
மெருகு போட்டுட்டு வாரேன்னு இத வாங்கிட்டுப் போனாவ.
பொழுதடைய வந்து
அவியளே என் கழுத்துல மாட்டிவிட்டாவ.
இருவத்தாறு வருசம் ஒரே அடுப்பு.
என்னை ஏசாத ஏச்சு கெடையாது.
இத ஒரு நாளும் சொல்லல."

எதற்கும் சீட்டு வேண்டாம் என்றார்.
பன்னிரண்டுக்கும் எண்ணி ரூபாய் வைத்தார்.
சங்கிலியை மாட்டிவிடும்போது
கொக்கி இரண்டு தடவை நழுவியது.

பாதிப் படியில் நின்று மேலே பார்த்தார்.
"ஏம்மா, இங்கன பக்கத்துல
மெருகு போடுத கடை எங்க இருக்கு?"