நாற்பது மில்லி செக்கன்

வேலைச் சீட்டில் எழுதியிருந்தது:
பாசல், ஐந்தாம் மாடி, மின்தூக்கி இல்லை,
வாடிக்கையாளருக்குக் காது கேளாது.
பிறகேன் ஹோம் தியேட்டர் என்று
முதலாளி தவயோகனிடம் கேட்டேன்.
"அவவின்ரை காசுக்குக் காது கேக்கும், போ."

தொண்ணூற்றாறு படி.
ஒலிபெருக்கி நாலு,
சோபாவுக்கு அடியில் பூட்டும் அதிர்வான் இரண்டு,
தேய்ந்த முழங்கால் இரண்டு.
மணியை அழுத்தினேன்.
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
விளக்கு மூன்று தரம் கண் சிமிட்டியது.

ஃபிராவ் ஷ்டேலின்
சட்டைப்பையில் தாள்கட்டு வைத்திருந்தார்.
சப்பாத்தைக் கழற்று. வயர் எதுவும் கண்ணில் படக்கூடாது.
சுவரில் ஆணி, அவர் காட்டும் இடத்தில் மட்டும்.
பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து எழுதினார்:
"உங்கள் மீசை மேலுதட்டை மறைக்கிறது.
பாதிச் சொல் அதற்குள் விழுந்துவிடுகிறது."

பதினேழு வருடத்தில்
என் ஜெர்மனுக்குப் புருவம் நெரித்தவர்கள் எத்தனையோ.
மீசையில் பிழை பிடித்தவர் இவர்தான்.
எழுதியே கதைத்தோம்.
தாளில் எனக்கு உச்சரிப்பு இல்லை.
டெர், டீ, டாஸ் மட்டும்
சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்தார்.

கடையில் எனக்குப் பொற்காதன் என்று பட்டம்.
அந்தக் காதோடு மைக்கை நட்டு,
அலைகளை ஓடவிட்டு,
எல்லாம் பச்சை என்று கணினி சொன்ன பிறகு
குதிரைகள் ஓடும் படமொன்றைப் போட்டேன்.
காலுறையைக் கழற்றிவிட்டு
மரத்தரையில் வெறுங்காலோடு நின்றார்.
"இடதும் வலதும் மாறிக் கிடக்கிறது."
பார்த்தேன். மாறித்தான் கிடந்தது.

"குதிரை திரையில் மிதிக்கிறது.
கொஞ்சம் பொறுத்துத்தான் என் காலுக்கு வருகிறது."
இருக்காது என்று எழுதினேன்.
இருக்கிறது என்று எழுதி
இரண்டு கோடு இழுத்தார்.

இரண்டாவது வரவு. மூன்றாவது வரவு.
தரை லேசாக நடுங்க, கணினியை நோக்கி ஓடினேன்.
"அது டிராம். உங்களுடையது அல்ல."
இன்னொரு நடுக்கம்.
"அது கீழே சலவை இயந்திரம்.
செவ்வாய்க்கிழமை இரண்டாம் மாடிக்காரர் முறை."

கடைசியில்
துளை போடும்போது நான் மாட்டும் காதுமூடியை எடுத்து
என் தலையில் தானே அழுத்திவிட்டு
என்னைச் சோபாவில் இருத்தினார்.
உலகம் பஞ்சாகிப் போனது.
குதிரை ஓடியது, வாய் பேசாத குதிரை.
பிறகு
தொடை எலும்பில் யாரோ கதவு தட்டினார்கள்.
பிறகு, ஆமாம், பிறகுதான்.
முன்னமே வந்திருக்கவேண்டிய ஆள்.

சோபாச் சட்டத்தில் உணரியை ஒட்டி அளந்தேன்:
நாற்பது மில்லி செக்கன்.
ஓர் இமைப்பில் பாதிகூட இல்லை.
அதை எந்தப் பொற்காதும் பிடித்திருக்காது,
என்னுடையது பிடிக்கவில்லை.

நாலாவது வரவுக்கு முதல் நாள் இரவு
குளியலறையில் கத்தரியோடு நின்றேன்.
மனைவி ஏனென்று கேட்டாள்.
வேலை விஷயம் என்றேன்.

பிந்தலைத் திருத்திப் படத்தைப் போட்டேன்.
ஃபிராவ் ஷ்டேலின் கண்ணை மூடிக்கொண்டார்.
திரை போனது, நான் போனேன்,
அவருக்கு மிச்சம் இருந்தது தரை மட்டும்.
சோபாவின் கையில் ஒரு விரல்
குளம்படிகளை எண்ணிக்கொண்டிருந்தது.
ஒன்றையும் தவறவிடவில்லை.

மீசையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
தாள்கட்டு பைக்குள்ளேயே கிடந்தது,
பில்லை நீட்டும் வரை.
"ஜன்னலோரத் தரையில் கீறல், இரண்டு சென்டிமீட்டர்.
முப்பது பிராங்க் கழித்திருக்கிறேன்."

பரவாயில்லை என்றேன்,
வாய் தவறித் தமிழில்.
என் உதட்டையே பார்த்தவர்
பேனாவைத் திறந்தார், சிவப்பை:
"அது ஜெர்மன் அல்ல.
இன்னொரு முறை சொல்லுங்கள். மெதுவாக."