பால் வெட்டு

அவன் ஊரில் இது கோடை விடுமுறையாம்.
கீரிப்பாறையில் சாரல் விடவில்லை;
நாலு நாளாய் எங்களுக்கு வெட்டு இல்லை.
மாத்தியாஸ் மட்டும்
தடித்த டயர் சைக்கிளில்
மேல்கூப்பிலிருந்து சறுக்கி வருகிறான்,
பல்லெல்லாம் சேறு.

காலையில் ஒரு சீப்பு மட்டிப்பழம், இரண்டு கட்டன்சாயா.
காலுறைகள் புகைப்புரையில்
ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்குகின்றன.
றோஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு
திருப்பிப் போடுகிறாள்.

நேற்று முள் குத்தியது.
குப்பி ஒன்றைத் திறந்து
டயருக்குள் வெள்ளையாய் ஊற்றினான்.
சுற்றச் சுற்ற ஓட்டை தானே அடைந்தது.
வாங்கி மோந்து பார்த்தேன்:
அமோனியா. அதற்கடியில்
இருபது வருஷமாய்
என் விரலிடுக்கை விட்டுப் போகாத நாற்றம்.

விலை கேட்டேன். சொன்னான்.
எங்கள் ஷீட் கிலோ என்ன விலை என்று
அவனும் கேட்டிருக்கலாம்.

சீப்பிலிருந்து ஒரு பழம் பிய்த்து
கேட்காமல் தின்றேன்.