அபிஷேகப் பேனா

இருபது சேடி.
நீல மூடி போட்ட சாதாரணப் பேனா.
பாண்டோ பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில்
தீர்க்கதரிசி டோட்சே
அதை எண்ணெயில் முக்கி எடுத்தார்.
"தானே எழுதும் மகளே,
நீ பிடித்துக்கொண்டால் போதும்."

பிடித்துக்கொண்டேன்.
மருந்தியல் தேர்வு, இரண்டாம் முயற்சி.
வழுவழுவென்று விரலில் நிற்கவில்லை.
நான்காம் கேள்வி வந்தபோது
எனக்குத் தெரியாதது எதுவும்
அதற்கும் தெரிந்திருக்கவில்லை.

சிரிக்காதீர்கள்.
அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்
வங்கி மேலாளர்.
பின்னால், எங்கள் சபையில்
நடுக்குரல் பாடுகிற பெண்.
எல்லோரும் ஞானத்தைத்தான் கேட்டோம்,
மறுநாள் காலை எட்டரைக்குள்.

அப்புறம் பல மாதம் நான் ஜெபிக்கவில்லை.
கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது,
கடன் வாங்கியவள் தெருமாறிப் போவதுபோல.
ஒருநாள் விடியற்காலை, மின்சாரம் போய்,
மருந்துப் பெயர்கள் இருட்டில் கரைந்தபோது
வாய் தானாகச் சொன்னது:
ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை.

அவ்வளவுதான்.
கூரை பிளக்கவில்லை.
ஏரிப்பக்கம் யாரோ படகு மோட்டாரை
இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
மெழுகுவத்தி ஏற்றி
முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
பதினோரு மாதம்.
தினமும் அதே வாக்கியம், அதன்பின் புத்தகம்.
ஒரு பக்கத்தையும் அவர் எனக்காகப் புரட்டித் தரவில்லை.

இப்போது குழந்தைகள் வார்டு, இரவுப் பணி.
நேற்று மழையோடு வந்தாள் அஃபி.
முதுகில் கட்டியிருந்த செலோர்முக்கு
மலேரியா, மூன்றாம் நாள், கண் செருகுகிறது.
மருத்துவர் ஆற்றுக்கு அந்தப்புறம்.
தொலைபேசியில் குரல் விட்டுவிட்டு வந்தது:
எடைக்கு ஏற்றபடி ஊசி போடு.

கணக்குப் போட்டேன். சரி.
மறுபடி போட்டேன். அதே விடை.
ஊசியை எடுத்த கை
கொஞ்சம் நின்றது.
குரல் எதுவும் கேட்டதாகச் சொல்லமாட்டேன்.
பழகிய வாக்கியம்தான் மேலே வந்தது:
ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை.

தெரியாதென்று ஒப்புக்கொண்டவளுக்கு
எல்லாவற்றையும் மறுபடி பார்க்க நேரம் இருக்கிறது.
பிள்ளையைப் பார்த்தேன்.
இன்னும் சுற்றியிருந்தது தாயின் துணி,
இரண்டு மடிப்பு, மழையில் ஊறி.
அப்படியேதான் தராசில் வைத்திருந்தேன்.

அவிழ்த்தேன். பிழிந்தால் அரை வாளி வரும்.
வெற்றுடம்பாய் வைத்ததில்
ஒன்றரைக் கிலோ குறைந்தது.
கணக்கில் பிழையே இல்லை,
நான் எடை போட்டதில்
மழையும் சேர்ந்திருந்தது.

பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினேன்.
என் விரல்களையே பார்த்திருந்த அஃபி
மெதுவாகக் கேட்டாள்,
"அக்கா, அது டோட்சே ஐயா கொடுத்த பேனாவா?"
அவள் இடுப்பு முடிச்சில்
சின்ன எண்ணெய்ப் புட்டி துருத்திக்கொண்டிருந்தது.
அவளை என்ன சொல்ல?
நானும் நின்ற வரிசைதானே.

"இது ஆஸ்பத்திரிப் பேனா" என்றேன்,
கட்டிலோடு கட்டிய நூலை இழுத்துக் காட்டி.

விடியும் முன் பிள்ளை கண் திறந்து
தண்ணீர் கேட்டான்,
எவே மொழியில், அதட்டலாக.

டோட்சேயின் பேனா வீட்டில் இருக்கிறது.
சோப்பு, வெண்டைக்காய், மண்ணெண்ணெய் என்று
சந்தைப் பட்டியல் எழுத.
எண்ணெயெல்லாம் போய்விட்டது.
நன்றாகவே எழுதுகிறது.